சுக்கான் கடித்த திமிங்கலங்கள்

கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டும் கேட்கலாம். கடலும் வானமும் ஒரே நிறமாகக் கிடந்த காலத்தில், மணற்பட்டினத்தை ஒரு ராஜா ஆண்டுவந்தான். எதிரே ஒரு சின்னத் தீவு. அங்கே உப்பு உண்டு, ஆட்கள் உண்டு, குடிக்கத் தண்ணீர் கிடையாது. படகில்தான் தண்ணீர் போகும்.

ஒரு கோடையில் கறுப்பும் வெள்ளையுமாகத் திமிங்கலங்கள் வந்தன. இப்போது ஓர்கா என்கிறோமே, அவைதான். படகின் பின்னால் மிதந்து வந்து, சுக்கானைக் கடித்து முறித்துவிட்டுப் போயின. திருப்ப முடியாத படகு எங்கெங்கோ அலைந்து, புறப்பட்ட கரைக்கே வந்து சேர்ந்தது. தீவில் பானைகள் காய்ந்தன.

"அண்டை நாட்டான் என்மேல் ஏவிவிட்டான்" என்று சேனாபதி ஈட்டி எறிந்தான். சுக்கான் போனது.

"என் வியாபாரத்தின்மேல் யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று வணிகன் மேளம் கொட்டினான். சுக்கான் போனது.

"நான் செய்த பாவம்" என்று ராஜா குடம் குடமாகக் கடலில் பால் ஊற்றினான். பாலும் போனது, சுக்கானும் போனது. ஆளுக்கொரு காரணம், எல்லாக் காரணத்திலும் அவரவர்தான் நடுநாயகம்.

கோதை என்றொரு படகுக்காரி. அவள் தங்கை தீவில் பிள்ளை பெற்றிருந்தாள். மனசு பொறுக்காமல் கோதை தண்ணீர் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

நடுக்கடலில் காற்று தூங்கிப்போயிருந்தது. கறுப்பு முதுகுகள் மெல்ல மெல்ல எழுந்தன. கோதைக்குப் பயம்தான். ஆனாலும் துடுப்பை ஓங்காமல், குனிந்து கேட்டாள்.

"எங்க மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமா?" என்றது ஒரு குட்டி. "இந்தப் பலகை ஆடுது. கடிச்சா பல்லுக்குக் குறுகுறுன்னு இருக்கு. நீங்களும் ஈட்டி, மேளம், பால்னு எங்ககூட விளையாடினீங்களே."

சிரிப்பதா அழுவதா என்று கோதைக்குத் தெரியவில்லை. "அது ஒடிஞ்சா படகு போகாது. தீவுல என் தங்கச்சி பச்சை உடம்புக்காரி, ஒரு வாய் தண்ணி இல்லாம கிடக்கிறா."

தாய்த் திமிங்கலம் குட்டியைச் சுக்கானிலிருந்து மெல்ல விலக்கியது. "இத்தனை படகு வந்துச்சு. இதை ஒருத்தரும் சொல்லலையே" என்றது.

கறுப்பு முதுகுகள் ஒவ்வொன்றாக முங்கின. படகு தீவுக்குப் போனது. தங்கை சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

ராஜாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. திமிங்கலங்களுக்கு அவன்மேல் கோபமே இல்லையாம்.

பிறரால் வரும் தொல்லையெல்லாம் நம்மேல் கொண்ட பகை என்று எண்ணாமல், என்னவென்று கேட்டறிவதே அறிவுடைமை.