கருஞ்சிட்டைக் கூப்பிட்டவன்

கடலோரப் பாறைக்கு மேலே வடிவம்மை என்ற துறவியின் குடில் இருந்தது. ஒருநாள் தாணுலிங்கம் அங்கே வந்து சேர்ந்தான். நாற்பதை நெருங்கும் வயது. ஊரில் மனைவியும் தவழுகிற பெண்குழந்தையும் இருந்தார்கள்.

“காவி குடுங்க அம்மா. வரப்புல நிக்கும்போது ‘எல்லாத்தையும் விட்டுட்டு வா’ன்னு ஒரு குரல் கேட்டுது. போட்டது போட்டபடி வந்துட்டேன்.”

அம்மை காவிப் பேச்சையே எடுக்கவில்லை. கீழே அலையடிக்கும் பாறைகளைக் காட்டினார்.

“அங்க ஒரு சின்னப் பறவை பாடுதுல்லா? அது எதுன்னு பாத்துச் சொல்லு.”

இதென்ன பெரிய காரியம் என்று போனான். போன பிறகுதான் அது அத்தனை லேசில்லை என்று தெரிந்தது. கறுப்பு உடம்பு, தோளில் வெள்ளைக் கீற்று. குண்டுகரிச்சான் என்று வந்து சொன்னான். “நல்லாப் பாரு” என்று அம்மை திருப்பி அனுப்பினார்.

வெயிலிலும் உப்புக்காற்றிலும் பழியாய்க் கிடந்தான். அதன் பாட்டு அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது. இடையில் அவன் மனைவி பகவதி குழந்தையோடு வந்து குடில் வாசலில் நின்றாள். தவம் கலைந்துவிடுமாம், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்நெஞ்சு என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் ஒரு காலையில் பறவை வாலைத் தூக்கியது. வாலடியில் செங்கல் நிறம்! கால் தரையில் பாவாமல் ஓடினான்.

“கருஞ்சிட்டு அம்மா! பாறை இடுக்குல கூடு இருக்கு, ரெண்டு குஞ்சு. பெட்டை இரை தேடப் போனா ஆண் காவல் நிக்கும். வாங்க, காட்டுதேன்.”

அம்மை வந்தார். ஆண்சிட்டு கூட்டருகே நின்றது.

“நான் கூப்பிட்டா வரும், பாருங்க.”

உதட்டைக் குவித்து அதன் பாட்டையே சீட்டியடித்தான். வேற்று ஆண் தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டது என்று எண்ணி, சிட்டு சிலிர்த்துக்கொண்டு பறந்து வந்தது. சுற்றுமுற்றும் தேடிவிட்டுத் திரும்பியது.

“போதும்,” என்றார் அம்மை.

பெருமை யாரை விட்டது? இன்னொரு தடவை சீட்டியடித்தான். சிட்டு மறுபடியும் வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு காகம் இடுக்கில் தலையை விட்டு, குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு போயிற்று.

சிட்டு கூட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. கேட்கச் சகிக்கவில்லை.

“இப்படி ஆகும்னு நெனைக்கல்லியே அம்மா. அது ஏன் கூட்டை விட்டு வந்துது?”

“குரல் கேட்டுது, வந்துட்டு.”

“அங்க வேற பறவையே இல்லியே. கூப்பிட்டது நான்தானே.”

“அது அதுக்குத் தெரியாது.” அம்மை அவன் முகத்தைப் பார்த்தார். “ஒன்னைக் கூப்பிட்டது யாருன்னு ஒனக்குத் தெரியுமா?”

காகம் திரும்பி வந்து பாறை உச்சியில் உட்கார்ந்தது.

“நான் இனி என்ன செய்யட்டும்?” என்று தாணுலிங்கம் கேட்டான்.

அம்மை பாறை இடுக்கைக் காட்டினார்.

“இன்னும் ஒரு குஞ்சு இருக்கு,” என்றார்.