ஏரியைச் சுற்றிப் பழகிய வழிகாட்டி

மலையடிவாரத்து ஏரி ஒன்றில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தன. கோடையில் ஏரி வற்றிவிடும். அப்போது கணவாயைத் தாண்டி மேற்கே உள்ள காயலுக்குப் பறந்தாக வேண்டும். கணவாய்க் காற்று பொல்லாதது. அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் ஒரு வழிகாட்டிப் பறவை செல்லும். வழிகாட்டியாக விரும்பும் இளம்பறவை ஏரியைச் சில சுற்று சுற்றிக் காட்டும். பிறகு அனுபவசாலி ஒன்றின் பின்னால் கணவாயைக் கடந்து வரும். அவ்வளவுதான் பயிற்சி.

ஒரு கோடையில், இறக்கையில் அடிபட்ட வழிகாட்டி ஒன்று அதை யாரிடமும் சொல்லாமல் கிளம்பியது. கணவாயில் கூட்டம் சிதறியது. பல பறவைகள் திரும்பவே இல்லை.

தலைவரான பெருவாயன் என்ற கூழைக்கடா சபையைக் கூட்டியது.

"இனி ஏரியை முன்னைவிடப் பத்து மடங்கு சுற்ற வேண்டும். கணவாய்ப் பயிற்சி ஆபத்து. அது வேண்டாம்."

"தலைவரே, செத்தவர்களுக்கு வழிகாட்டியவர் அனுபவம் இல்லாதவர் அல்லவே. காயத்தோடு பறந்ததுதான் தவறு" என்றது தாழை என்ற வழிகாட்டி நாரை.

துக்கத்தில் இருந்த சபை அதைக் காதில் வாங்கவில்லை.

சுற்றுகளை எண்ணக் கண்காணிப்புப் பறவைகள் வந்தன. சுற்றும் பறவை அவற்றுக்குச் சுற்றுக்கு ஒரு மீன் கூலி தர வேண்டும். கொஞ்ச நாளில் அது இரண்டு மீனாயிற்று, பிறகு மூன்றாயிற்று.

செவ்வலகி என்ற இளநாரைக்கு வழிகாட்டியாக ஆசை. அதன் அம்மா தன் பங்கு மீனைக் கொடுத்தது. அது போதாமல், கூடு இருந்த மரக்கிளையையே ஒரு நீர்க்காகத்துக்கு விட்டுக்கொடுத்து மீன் வாங்கியது.

"அம்மா, போதும். தம்பிகள் பட்டினி கிடக்கிறார்கள்" என்றது செவ்வலகி.

"பாதி முடித்துவிட்டாயே, கண்ணு."

"மீதிப் பாதிக்கு அவர்கள் கேட்கும் கூலி, முதலில் முழுசுக்கும் கேட்டதைவிட அதிகம் அம்மா."

செவ்வலகி நின்றுவிட்டது. மற்ற இளம்பறவைகளும் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாச் சுற்றுகளையும் முடித்தது பெருவாயனின் மகன் குமிழன் மட்டும்தான்.

அடுத்த வருடம் ஏரி சீக்கிரமே வற்றியது. தாழையைத் தவிர மூத்த வழிகாட்டிகள் எல்லாம் ஓய்ந்துவிட்டிருந்தன. தாழை முதல் கூட்டத்தோடு போனது. இரண்டாவது கூட்டத்தைக் குமிழன் அழைத்துச் சென்றது. கணவாயில் காற்று முகத்தில் அறைந்ததும் குமிழன் தடுமாறியது.

"எல்லோரும் திரும்புங்கள்! இந்தக் காற்று எனக்குப் பழக்கமில்லை."

கூட்டம் பத்திரமாகத் திரும்பியது. ஆனால் ஏரியில் மீன் இல்லை. காத்திருந்த நாட்களில் இரண்டு குஞ்சுகள் இறந்துபோயின.

"இத்தனை சுற்று சுற்றினாயே, மகனே?" என்றது பெருவாயன்.

"ஏரிக்கு மேலே காற்றே இல்லை, அப்பா. எத்தனை முறை சுற்றினாலும் நான் பார்த்தது அதே தண்ணீர்தான்."

தாழை களைத்துப்போய்த் திரும்பி வந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னது:

"எல்லாக் கூட்டத்தையும் நான் ஒருத்தியே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. பாதியில் நின்ற பிள்ளைகளையும் குமிழனையும் என் பின்னால் அனுப்புங்கள். எனக்கு மீன் எதுவும் வேண்டாம்."

பெருவாயன், இறந்த குஞ்சுகளின் தாயைப் பார்த்தது. பிறகு, "அழைத்துப் போ, தாழை" என்றது.

கணவாயில் காற்று எழும்போது பாறையை ஒட்டித் தாழப் பறக்க வேண்டும், தணிந்ததும் மேலேற வேண்டும் என்று செவ்வலகியும் குமிழனும் அன்று தெரிந்துகொண்டன. பழகி ஏரிக்குத் திரும்பியதும், கடைசிக் கூட்டத்தைச் செவ்வலகியே முன்னால் பறந்து காயலில் சேர்த்தது.

காயற்கரையில் சபை மீண்டும் கூடியது. சுற்றுகள் குறைந்தன, கூலி நின்றது. அடிபட்டவர் வழிகாட்டியாகப் பறக்கக் கூடாது என்றும், கணவாயைக் கடந்து பழகாதவர் வழிகாட்டக் கூடாது என்றும் முடிவாயிற்று.

ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே பழக்காமல் பயிற்சியின் விலையை மட்டும் ஏற்றினால், திறமையுள்ளவர் வெளியே நிற்பார்கள், நம்பி வந்தவர்களுக்கும் பாதுகாப்பு இருக்காது.