ஒரே குளம், வேறு வேறு படி

வெகு காலத்துக்கு முன்னால் வெண்கோட்டூரை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் அவர் மனதில் ஒன்று தோன்றினால் மதியத்துக்குள் அது சட்டமாகிவிடும்.

ஒருமுறை திருவிழாவில் தெப்பம் சாய்ந்து, அதில் ஏறியிருந்த சபையார் முப்பது பேரும் குளத்தில் விழுந்தார்கள். கரையோரம் என்பதால் அங்கே தண்ணீர் என்னவோ இடுப்பளவுதான். ஆனால் அவர்கள் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் பறந்து போயின. ராஜாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "முப்பது நாளில் என் சபையில் எல்லோரும் நீந்த வேண்டும்" என்று உத்தரவு போட்டு, கற்றுக்கொடுக்கும் பொறுப்பை, அன்று தெப்பத்தில் ஏறாமல் கரையிலேயே நின்ற ஆஸ்தான பண்டிதர் மறைக்காடரிடம் கொடுத்தார்.

பண்டிதர் நீச்சலைப் பற்றி நூறு பாட்டு எழுதி எல்லோரையும் மனப்பாடம் செய்யவைத்தார். பத்தாம் நாள் அத்தனை பேரையும் நடுக்குளத்தில் குதிக்கச் சொன்னார். ஆற்றங்கரையில் பிறந்த தளபதி மல்லாந்து மிதந்தபடி தூங்கியே போனார். மடைப்பள்ளித் தலைவர் அம்பலத்தாடியை வெளியே தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

"பாடத்தில் குற்றமில்லை அரசே, மண்டைகளில்தான் குற்றம்" என்றார் பண்டிதர்.

அம்பலத்தாடியைத் தூக்கிவிட்டுச் சொட்டச் சொட்ட நின்ற மந்திரி நல்லாதனுக்குப் பொறுக்கவில்லை. "அரசே, பாடம் ஒன்றாக இருக்கலாம். ஆரம்பிக்கிற இடம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க முடியாது."

"அப்படியானால் நீரே கற்றுக்கொடும். இன்னும் இருபது நாள். ஒருவர் தவறினாலும் நீர் நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்."

மறுநாளே நல்லாதன் சபையாரைக் குளத்துப் படிகளில் பிரித்து நிறுத்தினார். தண்ணீரைக் கண்டு நடுங்குகிறவர்கள் முதல் படியில் உட்கார்ந்து முகத்தை முக்கிக் குமிழி விட்டார்கள். கொஞ்சம் தேறியவர்கள் நாலாம் படியில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு காலடித்தார்கள். தளபதி ஆழத்தில் மூழ்கி அடிமண்ணை அள்ளிவந்தார்.

பண்டிதருக்கு வயிறு எரிந்தது. ராஜாவிடம் ஓடினார். "ஒருவருக்குக் குமிழி, ஒருவருக்கு அடிமண். இது பாரபட்சம். பரீட்சையாவது ஒன்றாக இருக்கட்டும். குடுக்கை இல்லாமல் கரையிலிருந்து கரைக்கு நீந்தட்டும்."

"சபையில் எல்லோருமா, பண்டிதரே?" என்று கேட்டார் அருகில் நின்ற நல்லாதன்.

"எல்லோரும்தான்."

"ஒருவருக்கும் விலக்கு இல்லையே?"

"ஒருவருக்கும் இல்லை" என்று பண்டிதர் மார்தட்டினார். ராஜாவும் தலையாட்டினார்.

நல்லாதன் வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் அம்பலத்தாடியை நினைத்துக் கலங்கினார். அவரோ குடுக்கையை விடுவதாக இல்லை. நல்லாதன் தினமும் ஒரு சுற்றுச் சின்னக் குடுக்கையாகக் கட்டிவிட்டார். ஒருநாள் அம்பலத்தாடி முதுகைத் தடவிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஐயா, இது எலுமிச்சம்பழம் அளவுதானே இருக்கிறது? என்னைத் தாங்காதே."

"மூன்று நாளாக அதுதான் உங்களைத் தாங்குகிறது."

பரீட்சை நாளில் ஊரே குளக்கரையில் கூடியது. இருபத்தொன்பது பேர் அக்கரை சேர்ந்தார்கள். கடைசியாக அம்பலத்தாடி, வயிறு மேலே தெரிய, காற்றடைத்த தோல்பைபோல மெல்ல மெல்ல வந்தார். அவர் கை படியைத் தொட்டதும் நல்லாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நல்லாதன் கழுத்தில் போட்டார். நல்லாதன் வணங்கிவிட்டு, "அரசே, பண்டிதர் இன்னும் நீந்தவில்லை" என்றார்.

பண்டிதர் முகம் வெளுத்தது. "எனக்கு நூறு பாட்டும் தெரியும். தண்ணீரில் மட்டும் இறங்கியதில்லை" என்று முனகினார். சிரித்த சிரிப்பில் ராஜாவின் கிரீடம் சரிந்தது.

"இவரை நடுக்குளத்தில் தள்ளிவிடலாமா, மந்திரி?"

"வேண்டாம் அரசே. அவருக்கு முதல் படி."

பண்டிதர் முதல் படியில் உட்கார்ந்தார். குமிழி விடுவது எப்படி என்று அம்பலத்தாடி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

கூட்டம் விருந்துக்குக் கலைந்தது. ராஜா மட்டும் போகவில்லை. கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நல்லாதன் காதருகே குனிந்து கேட்டார்:

"மந்திரி, அந்த முதல் படியில் இன்னும் ஒருவர் உட்கார இடமிருக்குமா?"

நல்லாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சுரைக்குடுக்கையை எடுத்தார். இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து.