இரண்டாவது அதிரசம்

சத்தியம்! என் இரண்டு கண்ணின் மேல் சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும்.

எங்கள் சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் சிவக்கொழுந்து என்று ஒருவர். மனைவி தெய்வநாயகியின் அஸ்தியைக் காசியில் கரைத்தபோது, தனக்கு உயிரான இனிப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். ஆனால் அவள் படத்துக்கு மட்டும் தினமும் இரண்டு அதிரசம் படைப்பார். விடிந்தால் தட்டு காலி. கதவோ உள்தாழ்ப்பாள் போட்டபடி.

“வந்துட்டுப் போயிருக்கா. கையைப் பிடிச்சிருக்கா பாரு, விரல்ல நெய் வாசம்!” என்பார் மகள் மங்கையிடம்.

அப்போதுதான் ஊரார் எவ்வளவு சீனி தின்கிறார்கள் என்று அளக்க பூங்கோதை என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். வாய் பொய் சொல்லும். தின்ற சீனியில் இம்மியளவு சிறுநீரில் இறங்கும், அது பொய் சொல்லாது என்பாள். முழு நாள் சிறுநீரையும் புட்டியில் பிடித்துத் தரவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கத் தன்னுடையதையும் சேர்த்துச் சோதிப்பாள், இனிப்பே தொடாதவள்.

சிவக்கொழுந்தின் புட்டியில் சீனி எகிறியது. சர்க்கரை வியாதியும் கிடையாது.

“ஐயா, தூக்கத்துல எழுந்து நீங்கதான் சாப்பிடுறீங்க. ஆவி தின்னா உங்க புட்டியில எப்படி இறங்கும்?”

மனிதர் சுருண்டுவிட்டார். “காசியில விட்டதைத் தின்னேனா? அப்போ அவ வரவே இல்லையா?” அதோடு சோறு இறங்கவில்லை.

“எங்கம்மாவை ரெண்டாந்தடவை கொன்னுட்டீங்களேம்மா,” என்றாள் மங்கை.

பூங்கோதை மறுசோதனை என்றாள். அவர் வழக்கம்போல் படைத்து, வீட்டைப் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு மகள் வீட்டில் படுத்தார். காலையில் மூவருமாய்த் திறந்தார்கள். தட்டு காலி! அவர் புட்டியைச் சோதித்தபோது சீனியின் சுவடே இல்லை.

“வந்துட்டா!” என்று அழுதார். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

பூங்கோதை மங்கைக்கு மட்டும் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். பூங்கோதையின் புட்டியில் சீனி இருந்தது. மங்கை பார்த்துவிட்டு, அப்பாவுக்குச் சோறு போடப் போனாள்.

உண்மையைச் சொல்லி மனிதரைச் சாய்த்தவளே பொய்யால் தூக்கி நிறுத்தினாள். மகள் தெரிந்தே மறைத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: பூங்கோதைதான் என்பேன். அன்றிரவு தட்டைக் காலி செய்யப் போனவள், படையலைக் குப்பையில் வீச மனம் வராமல், தான் தொடாத இனிப்பைத் தின்றாள். மனிதரிடம் பொய் சொன்னாள். தன் புட்டியை மறைக்கவில்லை. ஆனால் பிற்பாடு என்னிடம் சொன்னாள்: “தாத்தா, ஒண்ணுதான் என்னால முடிஞ்சது. இன்னொண்ணைத் தட்டுலயே வச்சுத்தான் பூட்டினேன்.”

நான் சொன்னேன் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். எந்த அவளிடம் என்றும் கேட்காதீர்கள்.