வெளியே உட்கார்ந்த மேனேஜர்

மொட்டைப்பனையூர்க்காரர்கள் யோசிக்காமல் எதையும் செய்யமாட்டார்கள். அந்த ஊர் இந்தக் கதிக்கு வந்ததற்கு அதுதான் காரணம். அங்கே அப்பளக் கம்பெனிக்கு ஒரு மேனேஜர் வேண்டியிருந்தது. முதலாளியம்மா செல்லக்கனி ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டாள். ஒவ்வொருத்தராக உட்கார்ந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் தலை சுற்றியது. உளுந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஞானதிரவியத்துக்கு மட்டும் சுற்றவில்லை. சுற்றுவதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே? அன்றைக்கே அவன் மேனேஜர் ஆனான்.

மூட்டை சுமந்த முதுகு நிமிர்ந்து சாய ஓர் இடம் கிடைத்துவிட்டது. பாவம், அந்த நாற்காலி என்றால் அவனுக்கு உயிர். ஆனால் பக்கத்திலேயே ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் அதில் தலையை நீட்டி ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவான். ஞானதிரவியம் யார் மனசையும் நோகவிடமாட்டான். "சதுரமா இட்டா அடுக்க வசதி" என்றான் செங்கல் சூளைக்காரன். அப்பளம் சதுரமானது. "நடுவுல ஓட்டை இருந்தா ஆணியில மாட்டலாமே" என்றார் சாவிக்கடைக்காரர். ஓட்டையும் விழுந்தது. "கனமா இருந்தா உடையாது" என்றார் ஓடு வேய்கிறவர். அந்த அப்பளத்தை எண்ணெயில் போட்டால் பொரியவில்லை, சட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கடைக்காரர்கள் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில் பெரிய கல்யாண வீட்டு ஆர்டர் ஒன்று வந்தது. முதலாளியம்மாவுக்கோ மகள் பிரசவத்துக்குப் போகவேண்டியிருந்தது. புறப்படும்போது ஞானதிரவியத்தைக் கூப்பிட்டாள்.

"ஏல, நல்லாக் கேட்டுக்க. வெளியாளு யோசனை ஒண்ணுகூட இந்தக் கேட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாது. அப்பளம் இடுதவங்க வேலையைத் தவிர எதையும் பாக்கக் கூடாது. வியாழக்கிழமை சாயங்காலம் வேனோட வருவேன். அப்பளம் இல்லேன்னா நாற்காலி போச்சு, திரும்ப மூட்டைதான்."

ஞானதிரவியத்துக்கு முதுகெல்லாம் வலித்தது. உடனே வாட்ச்மேன் வேலாண்டியைக் கூப்பிட்டு ஆலோசனை நடத்தினான்.

"வேலாண்டி, யோசனை எது வழியா உள்ள வருது?"

"ஜன்னல் வழியா அண்ணாச்சி."

"வந்து எங்க தங்குது?"

வேலாண்டி கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தான். "உங்க காதுல."

"அப்ப ஜன்னல் மேல குத்தமில்ல. என் காது உள்ள இருக்குறதுதான் கோளாறு. காது வெளிய இருந்தா யோசனையும் வெளியவே நின்னுரும்லா?"

"காதை மட்டும் எப்படி அண்ணாச்சி வெளிய வைக்க?"

"தலையோட வைப்போம்."

தலை தனியாக வராது என்பதால் ஆளும், ஆள் நிற்கமாட்டான் என்பதால் நாற்காலியும் ரோட்டோரத்துக்கு வந்தன. உள்ளே பூரணமும் சூசையம்மாவும் அப்பளம் இட்டு முற்றத்து வெயிலில் காயவைத்தார்கள். வெளியே ஊர் முழுக்க யோசனை சொன்னது. ஞானதிரவியம் எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்டு அங்கேயே விட்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் சைக்கிள் கடை மாசானம் வந்தார். "மேனேஜரே, மேகம் கறுத்துட்டு வருது. அப்பளத்தை எடுத்து உள்ள வைக்கச் சொல்லும்."

ஞானதிரவியம் ஆடிப்போனான். இப்படி அருமையான யோசனையை அவன் கேட்டதே இல்லை. உள்ளே கத்திச் சொல்ல வாய்வரை வந்துவிட்டது. நாற்காலியின் கைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். "முடியாது மாசானம். நல்ல யோசனைதான். ஆனாலும் விடமாட்டேன்."

மழை கொட்டியது. ஞானதிரவியம் நனைந்தபடியே கேட்டைத் தட்டினான். "வேலாண்டி, அந்தக் குடையைக் கொடு."

"யாரு பேசுதது?"

"மேனேஜர்."

"எங்க இருந்து பேசுதீங்க?"

"வெளிய இருந்து."

"அப்ப அது வெளியாளு யோசனைல்லா, அண்ணாச்சி."

ஞானதிரவியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வாட்ச்மேன் யாருக்குக் கிடைப்பான்!

உள்ளேயும் வேலை குறைவில்லாமல் நடந்தது.

"மைனி, மேல இருந்து என்னமோ தண்ணி விழுது. பாக்கட்டா?" என்றாள் பூரணம்.

"ஏட்டி, மழை நம்ம வேலையா?" என்றாள் சூசையம்மா.

"இல்ல மைனி."

"அப்ப பாக்காத."

அப்பளம் எல்லாம் கரைந்து மாவாகிவிட்டது. மாவைப் பார்ப்பது வேலைதான் என்பதால் அதைப் பார்த்தார்கள். வழித்து எடுத்து மறுபடி இட்டு, அதே மழையில் ஒழுங்காகக் காயவைத்தார்கள்.

சாயங்காலம் வேன் வந்தது. முதலாளியம்மா வேலாண்டியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு உள்ளே போனாள். நாற்காலி போச்சு என்று நினைத்தபடியே ஞானதிரவியமும் பின்னால் போனான். முற்றத்தில் உளுந்தங்கஞ்சி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏல, வெளிய போ! இனிமே இந்தக் கேட்டுக்குள்ள நீ காலே வைக்கக் கூடாது!"

ஞானதிரவியத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தான். "வேலாண்டி! அம்மா என்னை நிரந்தரமாக்கிட்டாங்க!"

அப்பளக் கட்டையை ஓங்கிக்கொண்டு முதலாளியம்மா துரத்தி வந்தாள். அவள் இரண்டு காலும் ரோட்டில் பட்டதும் வேலாண்டி கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். தட்டினாள், திட்டினாள். வெளியாள் பேச்சு என்று உள்ளேயிருந்து மரியாதையாகப் பதில் வந்தது.

விடிந்தால் கல்யாணம். வாழ்நாளெல்லாம் சம்பாதித்த பேர் போயிற்றே என்று அவள் தலையில் கைவைத்தாள். ஞானதிரவியத்துக்கு மனசு தாங்கவில்லை. எழுந்து நாற்காலியைத் துடைத்து அவளை உட்காரவைத்தான்.

அப்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு மாசானம் வந்தார். "யம்மா, கவலைப்படாதீங்க. பக்கத்து ஊர்ல என் மச்சான் கடையில அப்பளம் அடுக்கி வச்சிருக்கான். வேனை இப்பவே விட்டா கல்யாணத்துக்குச் சேத்துரலாம்."

ஞானதிரவியம் முதலாளியம்மா பக்கம் குனிந்து பெருமையோடு சொன்னான். "பாத்தீங்களாம்மா? இவரு எப்பவும் இப்படித்தான். மத்தியானமே வந்து, மழை வருது அப்பளத்தை எடுன்னாரு. நான் விட்டேனா?"