நடுக்கண்

மங்கையம்மை வயதில் இளையவள். அவளைக் குருவாகக் கொண்ட மலையப்பன் தலை நரைத்தவர். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளைத் தாயே என்பார். ஊரார் சிரித்துச் சிரித்து ஓய்ந்து போய் வெகுநாளாயிற்று.

அன்று காலை அவர் கேட்டார்.

"தாயே, மானத்தை விட்டாத்தான் ஞானம் வருமுங்களா?"

"யாரோட மானம்?"

தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆற்றுக்கு அக்கரையில் அவர் தங்கை மகளுக்கு இன்று காதுகுத்து. வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். ஆனால் தங்கை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. சந்தைக்கு வந்த யாரிடமோ சொல்லி அனுப்பியிருக்கிறாள். அப்பன் கருமாதியில் தடித்த பேச்சு இருவருக்கும் இன்னும் ஆறவில்லை.

"கம்மல் செய்யலையா?"

மலையப்பனின் கை தானாக இடுப்பு வேட்டி மடிப்பைத் தொட்டது. "அது புள்ள பொறந்தப்பவே செஞ்சுட்டேனுங்க."

"சரி, வாங்க. கல்பாலத்தைப் பார்த்துட்டு வருவோம்."

பழைய பாலம் அது. ஆற்றுக்குள் கல்தூண்கள். தூணுக்குத் தூண் நீளக் கற்பலகைகள். இரண்டு தூண்களுக்கு நடுவே தண்ணீர் ஓடும் வழியைக் கண் என்பார்கள். அக்கரைக் கோயிலிலிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

சரி பாதியில் மலையப்பன் நின்றுவிட்டார்.

"என் பாதி வந்துட்டேனுங்க. மீதியை அவ வரட்டும்."

"நல்ல யோசனை. காதையும் இங்கேயே குத்திருவோம். புள்ள கத்துனா ரெண்டு கரைக்கும் கேக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கால் மட்டும் நகரவில்லை.

மங்கையம்மை வெயிலில் சூடேறியிருந்த கல்லின்மேல் உட்கார்ந்தாள்.

"இந்தப் பாலத்தை ரெண்டு ஊரும் பேசி வச்சுக் கட்டுச்சு. அவங்க அந்தக் கரையிலிருந்து, நம்மாளுங்க இந்தக் கரையிலிருந்து. நடுவுல ஒரு கண்ணு மட்டும் கல்லு போடாம மிஞ்சிப் போச்சு. எங்க பாதி முடிஞ்சதுன்னு இவங்க. எங்களதும் முடிஞ்சதுன்னு அவங்க. சாயங்காலமானா ரெண்டு பக்கமும் நுனியில வந்து நின்னு வைவாங்களாம். பாலம் அதுக்குத்தான் ஆச்சு."

"எத்தனை காலமுங்க?"

"வைஞ்சவங்க பேரப்புள்ளைகளும் வந்து நின்னு வைஞ்சாங்க."

மலையப்பன் கீழே பார்த்தார். அவர் நின்றிருந்த பலகை மட்டும் வேறு கல். மற்றவை கருத்திருக்க, இது சிவந்திருந்தது.

"இது எந்த ஊர்க் கல்லுங்க?"

"ரெண்டு ஊருமே எங்களதுங்கிறாங்க."

அக்கரையில் மேளம் நின்றது. பிள்ளையை உட்கார வைக்கும் நேரம். கோயில் வாசலில் மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி கண்ணுக்குமேல் கை வைத்துப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரத்திலும் அவருக்கு அந்த நிற்கிற விதம் தெரிந்தது. சின்ன வயதில் இவர் வருகைக்காக அப்படித்தான் நிற்பாள்.

அவர் குனிந்து சிவந்த கல்லைத் தொட்டார்.

"நெசமா இந்தக் கல்லை யாரு போட்டதுங்க, தாயே?"

"அக்கரைக்குப் போயே ஆகவேண்டியிருந்த யாரோ, அண்ணா."