சிக்கனப் படையின் நெய்ப்பொங்கல்

மருதவேலி நாட்டை ஆண்ட கனகசேன ராஜாவுக்கு ஒரு குணம். காலையில் யாராவது ஒரு யோசனை சொன்னால், மாலைக்குள் அது சட்டமாகிவிடும். நடுவில் யோசிக்கிற வழக்கம் கிடையாது.

ஒரு கோடையில் மேற்குக் காடு தீப்பிடித்து எரிந்து, நாடு முழுக்க விறகுக்குத் தட்டுப்பாடு வந்தது. அரண்மனைக் காரியக்காரர் நல்லபெருமாள் ராஜாவிடம் சொன்னார்:

"மகாராஜா, விறகு போதவில்லை என்பது பொய். நம் பெண்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை."

தம் வீட்டு அடுப்பு எந்தத் திசை பார்த்திருக்கிறது என்றுகூட அறியாத மனிதர் அவர். ராஜா தலையாட்டினார். மறுநாளே தெருத்தெருவாகத் தண்டோரா. சோற்றுப் பானையை மூடி வைத்து வேகவிட வேண்டும். பருப்பை ஊறவைத்து அடுப்பில் ஏற்ற வேண்டும். தணலை வீணாக்காமல் அதிலே கத்தரிக்காய் சுட வேண்டும்.

கிணற்றடியில் பெண்கள் வாளியை நிறுத்திவிட்டு அதைக் கேட்டார்கள்.

"பானையை மூடணுமாம்டி. இத்தனை நாள் மூடியைத் தலையிலயா கவிழ்த்துக்கிட்டிருந்தோம்?" என்றாள் ஒருத்தி.

தண்டோராவோடு நின்றிருந்தால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். நல்லபெருமாள் நிற்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் அடுப்பு எரியலாம் என்று அடுத்த சட்டம் வந்தது. அதைக் கண்காணிக்க அறுபது பேரைச் சேர்த்து, 'சிக்கனப் படை' என்று பெயரும் வைத்தார். எந்தக் கூரையில் இரண்டாம் தரம் புகை தெரிந்தாலும் படை உள்ளே நுழையும். கடப்பாரையால் அடுப்பை உடைக்கும். போகும்போது அந்த வீட்டிலேயே மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போகும்.

செக்குத் தெருவில் சிவந்தி என்று ஒருத்தி. புருஷன் எண்ணெய் வண்டியோடு வெளியூர் போயிருந்தான். கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. பொழுது சாயும் நேரம் மறுபடி அடுப்பு மூட்டி ஒரு செம்பு வெந்நீர் வைத்தாள். படை வந்து அடுப்பை உடைத்தது.

அவள் அழவில்லை. உடைந்த மண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டு நேரே சபைக்கு வந்து, ராஜாவின் காலடியில் கொட்டினாள்.

"பிள்ளைக்கு வெந்நீர் வச்சது தப்புங்கறாங்க ராசா. அப்படின்னா சளி காலையில மட்டும்தான் பிடிக்கணும்னு அதுக்கும் ஒரு சட்டம் போட்டுடுங்க."

சபையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ராஜாவின் முகம் சிவந்தது.

"என்ன திமிர், மகாராஜா. இவளை ஊரைவிட்டே அனுப்ப வேண்டும்" என்றார் நல்லபெருமாள்.

ராஜாவின் தலை ஆட ஆரம்பித்தது. அது முழுசாக ஆடுவதற்குள் எழுந்தார் தாண்டவர். சபையின் ஆலோசகர். வாய் ஒன்றுதான் அவருக்குச் சொத்து.

"தாராளமாக அனுப்பலாம், மகாராஜா. ஒரு சின்னச் சந்தேகம். ஊர் விறகெல்லாம் இவள் செம்பு வெந்நீரில் போய்விட்டது. அரண்மனை விறகு எதில் போகிறது?"

"அரண்மனையில் ஒரு சுள்ளிகூட வீணாவதில்லை" என்றார் நல்லபெருமாள் அவசரமாக.

"பாதியாகக் குறைக்கலாம் என்று எனக்குப் படுகிறது."

ராஜாவுக்கு எரிச்சல் வந்தது. "அப்படியா? நாளை மதியத்துக்குள் குறைத்துக் காட்டும். என் இலையில் ஒரு பதார்த்தமும் குறையக்கூடாது. எதுவும் ஆறியிருக்கவும் கூடாது. செய்தால் இவளை விடுகிறேன். தவறினால் இவளோடு நீரும் ஊரைவிட்டுக் கிளம்பும்."

சிவந்தி கவலையோடு தாண்டவரைப் பார்த்தாள். அவர் வாழ்க்கையில் ஒரு முட்டைகூட அவித்தவரில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

விடிந்ததும் தாண்டவர் மடைப்பள்ளிக்குப் போனார். நான்கு பெரிய கோட்டை அடுப்புகள் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தன. தலைமைச் சமையற்காரர் கோனப்பன் வியர்க்க வியர்க்கக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"முதல் அடுப்பு யாருக்கு?"

"மகாராஜாவுக்கும் அந்தப்புரத்துக்கும்."

"அடுத்தது?"

"காவல்காரங்க, யானைப்பாகருங்க, மத்த வேலைக்காரங்களுக்கு."

"மீதி இரண்டு?"

கோனப்பன் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுல சிக்கனப் படைக்கு நெய்ப்பொங்கல், வடை. இன்னொண்ணுல அவங்க குளிக்க வெந்நீர். அடுப்பு இடிச்சு இடிச்சு தோள் வலிக்குதாம். மூணு வேளையும் இப்படித்தான். காரியக்காரர் உத்தரவு."

தாண்டவர் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி, இரண்டு அடுப்பிலும் ஊற்றினார்.

"படைக்கு நேற்றைய சோற்றில் நீர் ஊற்றிக் கொடுங்கள். தலைக்கு ஒரு வெங்காயம். ஏன் என்று கேட்டால், அவர்கள் சட்டத்தையே அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்."

மதியம் ராஜாவின் இலைக்கு எல்லாம் வந்தது, ஆவி பறக்க. சாப்பிட்டு முடித்தவர் மடைப்பள்ளிக்கே வந்து பார்த்தார். நான்கில் இரண்டு அடுப்பு ஈரமாகக் கிடந்தது. அன்றைய விறகில் பாதி அடுக்கியபடி அப்படியே இருந்தது. முற்றத்தில் சிக்கனப் படை குளிக்காத தலையோடு நின்று முறையிட்டுக்கொண்டிருந்தது.

"இவர்களுக்கா இரண்டு அடுப்பு?" என்றார் ராஜா.

நல்லபெருமாள் மென்று விழுங்கினார். "வீணாவதைக் கண்டுபிடிக்கிறவர்களுக்குத் தெம்பு வேண்டாமா, மகாராஜா?"

"தின்றார்கள், குளித்தார்கள். என்னதான் கண்டுபிடித்தார்கள்?"

தாண்டவர் குறுக்கிட்டார்.

"பாவம், அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், மகாராஜா. நாட்டில் விறகு எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்து உங்கள் முன்னால் நிறுத்தத்தானே இந்தப் படை. கண்டுபிடித்து, அவர்களே வரிசையாக வந்து நிற்கிறார்கள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சட்டத்தில் இருப்பது தம் முத்திரை என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு சட்டென்று நின்றது. சட்டம் அன்றே ரத்தானது. தாண்டவருக்கு முத்துமாலை கிடைத்தது. உடைத்த அடுப்புகளையெல்லாம் படையும் காரியக்காரரும் தங்கள் கையாலேயே மண் குழைத்துக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது.

நல்லபெருமாள் செக்குத் தெருவில் கட்டிய முதல் அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சிவந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.